முந்தின இரவே தொடங்கும் காலை

இரவு ஒன்பது மணி இருக்கும். மெக்சிகோவின் வஹாக்கா நகரத்தில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில், வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். உள்ளே வெள்ளை மக்காச்சோளம். தண்ணீர் மட்டும் மஞ்சளாக மாறியிருந்தது. கரண்டியால் ஒரு மணியை எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. இன்னொரு மணியை என் உள்ளங்கையில் வைத்து, நீயும் தேய்த்துப் பார் என்று சைகை காட்டினார்.

தேய்த்தேன். விரலில் ஒட்டிய வாசனையை முகர்ந்ததும் எங்கள் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு! வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்பு.

"நாளைக் காலைக்கு" என்றார் அந்த அம்மா. என் மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பானையை ஒரு துணியால் மூடிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். அடுக்களை வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் இரவு ஒன்பது மணிக்கு இதேபோல ஒரு பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். அது இட்லி மாவு.

நான் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள். புரட்டாசிப் பட்டத்தில் எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான். அப்பா நாலு ஏக்கரில் போடுவார். அறுத்து, உதிர்த்து, காயவைத்து மூட்டை பிடித்தால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நாமக்கல்லுக்கு, கோழிக்கு" என்பார் அப்பா. எங்களுக்கு மக்காச்சோளம் என்றால் மழைநாளில் தணலில் வாட்டித் தின்னும் இளங்கதிர், அவ்வளவுதான். சோறு வேறு, கோழித் தீவனம் வேறு. பிறகு வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து, 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது வயல் வயலாகப் போய் நின்றவள் நான். மணலையும் சுண்ணாம்பையும் ஒன்பதுக்கு ஒன்று என்று கலந்து செடியின் குருத்துக்குள் போடச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெக்சிகோவில் அதற்கு கோகொயேரோ என்று பெயர். கோகொயோ என்றால் குருத்து. நம் விவசாயி பார்த்தாலும் அதே பெயரைத்தான் வைத்திருப்பார்.

ஓய்வு பெற்றதும், மெக்சிகோ நகரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் மகள், "ஒரு தடவை வந்து பாரும்மா, உன் சோளத்தை இவங்க என்ன பண்றாங்கன்னு" என்று கூப்பிட்டாள். ஜனவரியில் போய்ப் பிப்ரவரி முதல் வாரம் திரும்பினேன். பிரமிடுகளைப் பார்த்தேன், தேவாலயங்களைப் பார்த்தேன். ஆனால் திரும்பி வந்து யாரிடம் பேசினாலும் என் வாயில் முதலில் வருவது காலைச் சாப்பாடுதான்.

அந்தப் பானைக்குத் திரும்புகிறேன். அதில் ஊறும் சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். நாவாட்ல் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழியின் சொல். சாம்பல் என்ற சொல்லும் வேகவைத்த மாவுப் பண்டத்தைக் குறிக்கும் தமால் என்ற சொல்லும் சேர்ந்தது. பழங்காலத்தில் சுண்ணாம்புக்குப் பதில் சாம்பலையும் போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ சோளத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் சுண்ணாம்பு. தோல் கழலும் பதம் வரை வேகவிட்டு, இரவு முழுதும் அதே நீரில் ஊறவிட்டு, காலையில் அலசி அரைக்க வேண்டும். இதில் மூன்று காரியம் நடக்கிறது. தோல் கரைந்து போகிறது. மாவுக்குப் பிசுபிசுப்பு வருகிறது. வெறும் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வட்டமாகத் தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் விண்டு உதிரும். சுண்ணாம்பில் ஊறிய மாவு உதிராது. மூன்றாவதுதான் பெரிது. சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபட்டு நம் உடம்பில் சேருகிறது.

ஸ்பானியர்கள் சோளத்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்புப் பானையைக் கொண்டுபோகவில்லை. விளைவு, ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து இறந்தார்கள். சோளத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தின்னும் மெக்சிகோவில் அந்த நோய் அப்படிப் பரவவில்லை. அடுக்களையில் நின்ற பெண்கள் கண்டுபிடித்து, மகளுக்கும் பேத்திக்கும் சொல்லிக் கொடுத்த வித்தை அது. விதையை வாங்கியவர்கள் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் ஆறவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்த அம்மா வாளியோடு கிளம்பினார். நானும் கூடவே போனேன். வஹாக்கா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரம். ஜனவரிக் காலை நன்றாகக் குளிர்ந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மில். கல் தகடுகள் சுழலும் சின்ன இயந்திரம். வாளியும் துணி போட்ட கூடையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கிரைண்டர் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் எங்கள் தெரு மில்லில் அரிசி ஊறவைத்த குண்டானோடு நின்ற வரிசைதான் அது. பேச்சுகூட அதே மாதிரி பேச்சாகத்தான் இருந்திருக்கும். என்னைக் காட்டி அந்த அம்மா ஏதோ சொன்னார். "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள், சோளம் தெரிந்தவள்" என்றாராம். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, கூடவே கூச்சமும். கோழிக்குப் போடும் சோளம்தானே எனக்குத் தெரியும்.

அரைத்துக்கொண்டு வீடு வந்ததும் மெமேலா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிய மாவு உருண்டை. பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, நம் அடையை விடவும் கனமாக, நீள்வட்டமாகத் தட்டுகிறார். கோமால் என்ற மண் தோசைக்கல் அடுப்பில் சூடேறிக்கொண்டிருக்கிறது. அதன் முகத்திலும் சுண்ணாம்புக் கரைசல் பூசியிருக்கிறது, மாவு ஒட்டாமல் இருக்க. எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி, ஆவி பறக்கும்போதே ஓரத்தைச் சுற்றிலும் விரலால் கிள்ளிக் கிள்ளி வரப்பு கட்டுகிறார். அந்தச் சூட்டில் நான் விரல் வைத்துப் பார்த்தேன், ஒரு நொடி தாங்கவில்லை. வரப்புக்குள் முதலில் அசியெந்தோ, அதாவது பன்றித் தோலைப் பொரிக்கும்போது அடியில் தங்கும் கசண்டு. நெய் உருக்கிய சட்டியை வழித்துச் சோறு போட்டுப் பிசைந்து தின்றவர்களுக்கு அந்த ருசி என்னவென்று புரியும். அதன்மேல் மசித்த கறுப்பு பீன்ஸ். வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையை வாட்டிப் போட்டு அரைப்பதால் பீன்ஸில் சோம்பு மணக்கிறது. மேலே உதிர்த்த வெள்ளைப் பாலாடைக்கட்டி. கடைசியில் சால்சா. மிளகாயும் பூண்டும் தக்காளியும் கோமாலிலேயே கருகச் சுட்டு, மோல்காஹெத்தே என்ற முக்கால் கல்லுரலில் நசுக்கியது. முக்கால் என்றது மூன்று கால். உரலுக்குக் கால் இருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

கையில் எடுத்துக் கடித்தால் அடிப்பக்கம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. சோளத்தின் இனிப்பு முதலில் வந்து, சுட்ட மிளகாயின் காரம் கடைசியில் தொண்டையில் நிற்கிறது. மூன்று தின்றேன்.

அதைத் தின்னும்போது என் வேலைப் புத்தி சும்மா இருக்கவில்லை. மெக்சிகோவின் பழைய விவசாய முறைக்கு மில்பா என்று பெயர். சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே வயலில் சேர்த்துப் போடுவார்கள். சோளத் தட்டையைப் பற்றி பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். ஊடுபயிர் போடுங்கள் என்று வேலைக்காலம் முழுதும் கூட்டம் போட்டுச் சொன்னவள் நான். இங்கே அதையே சமைத்துத் தட்டில் வைத்திருக்கிறார்கள். சோள மாவின்மேல் பீன்ஸ். சில நாள் பக்கத்தில் பூசணிப்பூ வதக்கல். 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தபோது, மில்பாவையும் நிஸ்தமாலையும் சேர்த்தே எடுத்துச் சொன்னது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. வயலை விட்டுவிட்டுச் சமையலை மட்டும் காப்பாற்ற முடியாது.

மெக்சிகோவில் காலைச் சாப்பாடு இரண்டு தவணை. விடிந்ததும் தெசாயுனோ, ஒரு கோப்பை குடிப்பதற்கும் ஒரு துண்டு ரொட்டியும். பத்து, பதினொரு மணிக்கு அல்முவேர்சோ, அதுதான் வயிறு நிறையச் சாப்பிடுவது. மதிய உணவு இரண்டு மணிக்கு முன்னால் கிடையாது. இந்தக் கணக்கு தெரியாமல் முதல் இரண்டு நாள் எட்டு மணிக்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு திண்டாடினேன். பிறகு அவர்கள் வழிக்கே வந்துவிட்டேன்.

வஹாக்காவில் அந்த முதல் கோப்பை பெரும்பாலும் சாக்லேட். பாலில் அல்ல, தண்ணீரில். கொக்கோ விதையை வறுத்து, பாதாம், சர்க்கரை, பட்டை சேர்த்து மில்லில் அரைத்துக் கட்டியாக்கி வைத்துக்கொள்கிறார்கள். கொதிநீரில் கரைத்து, மோலினியோ என்ற மரமத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல உருட்டினால் நுரை எழும்பி வருகிறது. நுரை இல்லாத சாக்லேட்டை விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டேன் என்றார் அந்த அம்மா. முட்டை மஞ்சள் கரு சேர்த்த ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். அந்தப் பட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நம் கடைகளில் பெரும்பாலும் விற்கும் தடித்த, கட்டைபோன்ற பட்டை இல்லை. காகிதம்போலச் சுருண்டு, நசுக்கினால் பொடியாகும் கறுவா. இலங்கைக் கறுவா! இலங்கையிலிருந்து கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன் வரிசையில் நிற்கிறது. மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து நம்மிடம் வந்தன. புளி நம் பக்கத்திலிருந்து அங்கே போய், தெருவுக்குத் தெரு புளித்தண்ணீராக விற்கிறது. சந்தையில் சப்போட்டாவைப் பார்த்து நான் நின்றபோது, கடைக்காரப் பெண் "சிக்கோசப்போத்தே" என்றார். பழம் அந்த மண்ணுக்கு உரியது, பெயரும் அந்த மண்ணுக்கு உரியது. எங்கள் கொல்லையில் நிற்கும் மரத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் ஒரு நாவாட்ல் சொல் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மெக்சிகோ நகரத்தில் பார்த்தது வேறு காலை. அங்கே அவசரம். சுரங்க ரயில் வாசலில் ஆவி பறக்கும் அண்டாவோடு நிற்பவரிடம், தமாலை அப்படியே ஒரு ரொட்டிக்குள் திணித்து வாங்கிக்கொள்கிறார்கள். குவாஹொலோத்தா என்று பெயர். கூடவே அத்தோலே, சோள மாவுக் கஞ்சி. கட்டட வேலைக்குப் போகிறவரும் அலுவலகம் போகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடிக்கிறார்கள். முந்தின நாள் மிஞ்சிய தோர்த்தியா என்ற சோள ரொட்டியைப் பொரித்துச் சால்சாவில் புரட்டினால் சிலாக்கிலெஸ். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளிக்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

யுக்காத்தான் போனால் மொழியே மாறிவிட்ட மாதிரி இருக்கும். அது மாயர்களின் நிலம். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் கொச்சினிதா பிபில். பன்றி இறைச்சியில் அச்சியோட்டே என்ற செந்நிற விதையின் அரைப்பையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் பூசி, வாழை இலையில் பொதிந்து, மண்ணில் தோண்டிய குழி அடுப்பில் இரவெல்லாம் வேகவிட்டு எடுப்பது. பிப் என்றால் மாயர் மொழியில் அந்தக் குழி அடுப்பு. இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பாப்பட்சூல். பூசணி விதையை வறுத்து அரைத்த பச்சைக் குழம்பில் தோர்த்தியாவைத் தோய்த்து, அவித்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிச் சாறு ஊற்றுவார்கள். அங்கே மேரிதா நகரத்தில் தங்கிய வீட்டில் ஒரு நாள் சாயா கீரை போட்ட முட்டைப் பொரியல் கிடைத்தது. நம்மூரிலும் இப்போது சிலர் வேலியோரம் வளர்க்கும் அதே கீரை. நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும் என்று அவர்களும் எச்சரித்தார்கள்.

சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சர்வ சாதாரணம். இறைச்சி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் கொழுப்பு இறைச்சி இல்லை. "சின் மந்தேகா", கொழுப்பு வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தங்கினால் இதை முந்தின இரவே சொல்லிவிடலாம். அதனால்தான் நான் ஓட்டலைவிட, காலை உணவு தரும் சிறு வீடுகளைத் தேடினேன். இரவில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து நாளைக்கு என்ன என்று கேட்கலாம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

வஹாக்காவில் மெர்செத் சந்தைக்குள்ளும் ஒரு காலை சாப்பிட்டோம். எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத எங்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். மூன்றாவது நாளிலிருந்து நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

சோளத்தைப் பற்றி அங்கே சாதாரண ஜனங்களே பேசுகிறார்கள். சோளம் இல்லையேல் நாடு இல்லை என்பது சுவரில் எழுதும் முழக்கம். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது தென்மேற்கு மெக்சிகோவில்தான். வஹாக்காவிலிருந்து மித்லா போகும் வழியில் உள்ள குகைகளில் 6,000 ஆண்டுக்கும் மேற்பட்ட கதிர்க் கட்டைகள் கிடைத்திருக்கின்றன. இன்றும் 59 நாட்டு இனங்கள் உண்டு. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். 2025-இல் மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடக் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனாலும் கால்நடைத் தீவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து மஞ்சள் சோளம் கப்பல் கப்பலாக இறங்குகிறது. பாக்கெட் மாவில் சுட்ட தோர்த்தியாவும் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கார அம்மா அதைக் கையில் எடுத்து வளைத்துக் காட்டினார். ஆறியதும் விரிசல் விட்டது. தன் தோர்த்தியாவை எடுத்து நாலாக மடித்தார். விரிசல் விழவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

பிப்ரவரி 2 கந்தெலாரியா பண்டிகை. குழந்தை இயேசுவின் பொம்மைக்குப் புது உடுப்புப் போட்டுத் தேவாலயத்துக்கு எடுத்துப் போவார்கள், வீட்டில் தமால். ஜனவரி 6-ஆம் தேதி வெட்டுகிற வளைய ரொட்டிக்குள் ஒரு சின்னப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர்தான் தமால் செலவை ஏற்க வேண்டும். அந்த வருடம் அது அந்த அம்மாவின் பேரனுக்கு, ஏழு வயசுப் பையனுக்கு வந்திருந்தது. பாட்டிதான் செய்தார்.

முந்தின நாள் சாயங்காலமே அடுக்களையில் நாங்கள் நாலு பெண்கள். மோலே நெக்ரோ தயாராக இருந்தது. மிளகாய்களைக் கருக வறுத்து, எள், பாதாம், கிராம்பு, திராட்சை, சாக்லேட் என்று இருபதுக்கு மேல் சாமான் சேர்த்து அரைத்த கறுப்புக் குழம்பு. வாழை இலையை நான் அனலில் வாட்டினேன். நரம்பைச் சீவி, பச்சை கரும்பச்சையாகிப் பளபளக்கும் பதத்தில் திருப்பி எடுத்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கையை நிறுத்தினார். "இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது மிஹா?" என்றார். மிஹா என்றால் என் மகளே என்று அர்த்தம். "எங்கம்மா" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதன்பிறகு இலை முழுக்க என் பொறுப்பு. கொழுப்பும் கோழிச் சாறும் விட்டுப் பிசைந்த மாவை அவர் இலையில் மெல்லிசாகத் தடவ, மருமகள் கோழித் துண்டும் மோலேயும் வைக்க, என் மகள் நாலாக மடித்து இலை நாரால் கட்டினாள்.

விடியற்காலை நாலு மணிக்கு அடுக்கிய அண்டா அடுப்பேறியது. மூடுவதற்கு முன்னால் அந்த அம்மா அடித்தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். தமால் வேகும் அடுக்களையில் யாரும் சண்டை போடக் கூடாது, கோபப்பட்டால் வேகாது என்றும் சொன்னார். நாங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்டாவுக்குள் நாணயம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழிந்து சத்தம் மெல்லத் தேய்ந்தபோது, கண்ணயர்ந்திருந்த அந்த அம்மாவுக்கு முன்னால் நான் எழுந்து, கெண்டியிலிருந்த வெந்நீரை ஓரமாக ஊற்றினேன். மறுபடியும் கடகடத்தது. அவர் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். வாசலில் பேரன் பல் விளக்காத வாயோடு தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.